கல்லுக்கு எதிரே ஒரு குழி

எங்கள் ஊரில் கல் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாறை, ஜல்லி, சரளை. கல் என்று மொட்டையாகச் சொன்னால், வெட்டவெளியின் நடுவில் யாரையும் கேட்காமல் எழுந்து நிற்கிற அந்த ஒற்றைத் தூணைத்தான் சொல்கிறோம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். உச்சிக்குச் சற்றுக் கீழே தோள்போல அகன்று, அதன்மேல் தலைபோல ஓர் உருண்டை இருக்கும். யாரோ நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற தோற்றம். என் உத்தியோகம் முழுவதும் அந்த முதுகைப் பார்த்தே கழிந்தது. கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்கு நுழைவுச்சீட்டு கிழித்துக் கொடுப்பவன் நான்.

முதுகைக் காட்டி நிற்பது யார் என்பதில்தான் கதைகள் பிறக்கின்றன. பெண் கேட்டு வந்த அரக்கன், விடிந்ததும் பதில் சொல்கிறோம் என்று பெண்வீட்டார் சொன்னதை நம்பி நின்றுகொண்டே இருக்கிறான் என்பது ஒன்று. இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று தம்பியிடம் சத்தியம் செய்த அண்ணன், திரும்பிப் பார்க்காமல் இருந்து இருந்தே கல்லானான் என்பது இன்னொன்று. வழி பார்த்துக் காத்திருந்த மனைவி என்றும் சொல்வார்கள். கதை எதுவானாலும் ஒருவர் போய்விடுவார், ஒருவர் நின்றுவிடுவார். போனவர் என்ன ஆனார் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இந்தக் கல்லைப் படம் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. கல் முழுதாகப் படத்தில் விழவேண்டுமானால் வெகுதூரம் பின்னால் போகவேண்டும். போனால், முன்னால் நிற்கிற ஆள் எறும்பாகிவிடுவார். ஆளின் முகம் தெரிய வேண்டுமென்றால் கல்லுக்குத் தலை போய்விடும். இதற்கு வழி கண்டுபிடித்தவரை நாங்கள் படக்காரர் என்று கூப்பிடுவோம். கல்லுக்கு எதிரே, ஆட்கள் நிற்கும் இடத்திலிருந்து சில எட்டு தள்ளி, தன் இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டினார். அதில் இறங்கி நின்றுகொண்டு, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, அகல லென்ஸ் போட்டு மேல்நோக்கி எடுப்பார். கல்லும் உச்சிவரை விழும், ஆளும் கல்லுக்குச் சமமாக ஓங்கி நிற்பார். தன்னை மலையளவு காட்டுகிற படத்தை யார் வேண்டாம் என்பார்கள்? வருகிறவர்கள் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் மனைவிதான் நான் சொல்ல வந்த ஆள். அப்போது அவளுக்குக் கேமராவைத் தொடக்கூட வேலையில்லை. பிரிண்டரிலிருந்து படங்கள் சூடாக விழவிழ, எடுத்து உறையில் போட்டு, பஸ் கிளம்புவதற்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடிக் கொடுப்பாள். யார் எந்த பஸ், யார் எந்த ஜன்னல் என்று ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. படக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒரே கல்லை எத்தனை நாளைக்குத்தான் எடுப்பது என்று எப்போதாவது அலுத்துக்கொள்வார். அவர் கல்லைத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அவர் என் கவுன்டருக்கு வந்து, அகல லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, நகரத்தில் கொடுத்துத் துடைத்துக்கொண்டு வருகிறேன், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். லென்ஸ் பை மட்டும் தோளில். அவர் பஸ் ஏறியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிறகு ஆள் வரவேயில்லை. நகரத்தில் இருக்கிற லென்ஸ் கடைகளில் அப்படி ஒருவர் வந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. கொஞ்ச நாள் போலீஸ் தேடியது, கொஞ்ச நாள் அவள் தேடினாள். எங்கோ ஓர் ஊரில் பார்த்ததாக ஒரு டிரைவர் சொன்னார். அதற்கு மேல் துப்பு இல்லை.

அந்த நாட்களில் அவள் என் ஜன்னலுக்கு வந்து வந்து நிற்பாள். எந்த பஸ், எந்தப் பக்கம் உட்கார்ந்தார், திரும்பிப் பார்த்தாரா என்று கேட்பாள். கட்டம் போட்ட சட்டை, வலது பக்க ஜன்னல், திரும்பிப் பார்க்கவில்லை என்று நானும் சொன்னதையே சொல்வேன். ஒருநாள் பொறுமை இழந்து, எத்தனை தடவைம்மா கேட்பே என்று எரிந்து விழுந்தேன். மறுநாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். மறு வாரம் கேமராவை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

அவர் உயரத்துக்கு வெட்டிய குழி அவளுக்கு நெஞ்சுவரை வந்தது. பழைய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். அகல லென்ஸ் இல்லாததால் ஆரம்பத்தில் அவள் எடுத்த படங்களில் கல்லுக்குத் தலை கிடையாது. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் திருப்பி வாங்கிக்கொள்வாள். வேறு லென்ஸ் வாங்கி, கோணம் பிடிபட ஒரு பருவம் முழுக்க ஆயிற்று. அதன்பிறகு அவள் எடுத்த படங்களுக்கு முன்னால் படக்காரருடைய படங்கள் சும்மா என்றுதான் சொல்வேன். காலையில் வெயில் கல்லுக்குப் பின்னாலிருந்து வரும், முகங்கள் கருத்துப்போகும் என்பதால் அப்போது யார் கெஞ்சினாலும் எடுக்கமாட்டாள். வெயில் இந்தப் பக்கம் திரும்பி, கல் சிவந்த பிறகுதான் குழியை மூடியிருக்கும் பலகையைத் திறப்பாள். குழியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடையின் மாடியில் அவளுக்கு ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னல் திட்டில் வரிசையாகச் சார்ஜ் ஏறும் பேட்டரிகள். யாரும் வாங்காமல் விட்டுப்போன படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். பஸ்ஸைத் தவறவிடக்கூடாதென்று அவசரத்தில் ஓடிப்போனவர்களின் படங்கள் அவை. முன்பின் தெரியாத குடும்பங்கள் சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும். என்னம்மா இது, வீடு நிறைய விருந்தாளியா என்று கேலி செய்தேன். "இவங்க யாரும் சாப்பாடு கேக்கறதில்லண்ணா, அது ஒரு சௌகரியம்" என்றாள்.

வெளியூரில் அவளுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். போனிலேயே சண்டை பிடிப்பாள். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, என் பிள்ளைகளோடு பிள்ளையாக இரு என்பாள். குழியக்கா ஏதாவது சாக்குச் சொல்வாள். அவர் வந்தால் இங்கேதானே வருவார் என்பதை மட்டும் தங்கையிடம் சொல்லமாட்டாள். என்னிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, தெரியாதா?

அவர் போய்ச் சில வருஷம் கழித்து ஒரு புது வழிகாட்டி வந்து சேர்ந்தான். இடுப்பில் ஒலிபெருக்கி, வாயில் மைக். எந்நேரமும் அதோடேயே திரிவதால் மைக்கு என்று பெயர் வைத்தோம். அரக்கன் கதையும் அண்ணன் தம்பி கதையும் அவனுக்குப் பழசாகத் தெரிந்தன. ஒருநாள் கூட்டத்தை நிறுத்தி, குழியைக் கை காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தான். இந்த அம்மாவின் கணவர் பெரிய புகைப்படக்காரர். கல்லின் முகத்தை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை, நான் எடுக்கிறேன் என்று வெள்ளைச் சட்டையோடு உச்சிக்கு ஏறினார். ஏறினவர் இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர் வெட்டிய குழியிலேயே நின்று, என்றாவது படத்தில் விழமாட்டாரா என்று கல்லை எடுத்துக்கொண்டே இருக்கிறார் இந்த அம்மா.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குழியக்கா கேமராவை வைத்துவிட்டு மெதுவாக மேலே ஏறி வந்தாள். மைக்குக்கு இன்று ஒரு அறை நிச்சயம் என்று எட்டிப் பார்த்தேன். அவள் அவன் பக்கத்தில் போய், "வெள்ளச் சட்டை இல்ல தம்பி, கட்டம் போட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பக் குழிக்குள் இறங்கிவிட்டாள்.

அன்று முழுக்க எனக்கு அவள்மேல் கோபம். சாயங்காலம் பிடித்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிற மனுஷனை இப்படிக் கல்லிலிருந்து தள்ளலாமா என்றேன். அவள் பிரிண்டரின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "விட்டுட்டுப் போயிட்டாருன்னா எல்லாரும் என்னைத்தான் மேலயும் கீழயும் பாக்கறாங்கண்ணா. நான் என்ன செஞ்சேன்னு தேடறாங்க. செத்துட்டாருன்னா யாரும் அப்படிப் பாக்கறதில்ல." நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

பிறகு கதை தானே வளர்ந்தது. சட்டைக்குக் கட்டம் வந்தது, தோளுக்கு லென்ஸ் பை வந்தது. டிரைவர்கள் சொன்னார்கள், விடுதிக்காரர்கள் சொன்னார்கள். வயதானவர்கள் குழியருகே குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் அவர் இருந்தபோது என்று பேசப் பழகினாள். கேட்கக் கேட்க எனக்கே சில சமயம் குழப்பம் வரும். அன்றைக்கு அவர் பஸ்ஸில் ஏறினாரா, கல்லில் ஏறினாரா என்று. ஊரில் அந்த பஸ்ஸைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

போன வருஷம் ஒரு நாள், கூட்டம் அலைமோதிய நேரம், என் ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது. "பெரியவங்க ரெண்டு, குழந்தை ஒண்ணு" என்றது குரல். என் கவுன்டர் ஜன்னல் சின்னது. கையும் சட்டையும்தான் தெரியும், குனிந்தால்தான் முகம். எத்தனையோ தடவை என்னிடம் வந்து பேசிய குரல் எனக்கு மறக்குமா? குனிந்தேன். உடம்பு போட்டு, தலைக்குச் சாயம் பூசி, கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார் படக்காரர். பக்கத்தில் ஒரு பெண்மணி, அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. அவர் என்னைப் பார்க்கவில்லை. சீட்டு கிழிக்கிறவனை யார் பார்க்கிறார்கள்? சுற்றுலா பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கும்போது, தாம் மட்டும் இறங்காமல் இருப்பதற்குப் புது மனைவியிடம் சொல்ல அவருக்குக் காரணம் அகப்பட்டிருக்காது.

ஓடிப்போய் அவளிடம் சொல்லவேண்டும் என்று பதறினேன். வரிசை விடவில்லை. கவுன்டரை மூடிவிட்டு நான் வெளியே வருவதற்குள் மைக்கு தொடங்கியிருந்தான். படக்காரர் தம் சாவைக் கேட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நின்றார். கட்டம் போட்ட சட்டை என்று வந்த இடத்தில் அவர் தலை குனிந்ததைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த அவர் மனைவி விசும்பிக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்ததும் அந்தச் சிறுமி முதல் ஆளாக ஓடிப்போய்க் குழிக்கு எதிரே நின்றுகொண்டாள். தாயும் போய் நின்றாள். அவர் கடைசியாக வந்தார். குழியக்கா கேமராவில் கண்ணை வைத்தாள். பிறகு கண்ணை விலக்கினாள். வெறும் கண்ணால் பார்த்தாள். நான் நான்கு எட்டு தூரத்தில் நிற்கிறேன். அவள் கத்தினால் கத்தட்டும், கேமராவைத் தூக்கி அவர்மேல் எறிந்தால் எறியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது எனக்கு.

"சார், கண்ணாடியக் கழட்டுங்க" என்றாள்.

எல்லோரிடமும் அவள் சொல்வதுதான். அவர் கழற்றினார். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நடுவில் லென்ஸ் இருந்தது. வழக்கமாக ஒரு குடும்பத்துக்கு நாலைந்து எடுத்து நல்லதாகப் பொறுக்குவாள். அன்று ஒன்றே ஒன்றுதான் எடுத்தாள். பிரிண்ட் வந்ததும் அந்தப் பெண்மணி வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். குனிந்து குழியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரும் நல்லாப் படம் எடுப்பாருங்க. இனிமே உயரமான எடத்துக்கெல்லாம் இவர விடவே மாட்டேன்" என்றாள்.

"விடாதீங்க" என்றாள் குழியக்கா.

மனைவியும் குழந்தையும் நடந்த பிறகு அவர் ஒரு கணம் குழிக்குள் கிடந்த மரப்பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். அந்த மனுஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்து நாலு கேள்வி கேட்காமல் விட்டதற்கு என்னை நானே இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பஸ் போன பிறகு அவள் குழிக்குள்ளேயே பெட்டியில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரிந்தது. நான் விளிம்பில் உட்கார்ந்தேன். "சதை போட்டுட்டாரு" என்றாள் முதலில். அப்புறம் அழுதாள். "அவர் செத்துட்டாருன்னு நெசமாவே அழுதிருக்கேண்ணா. கதையக் கேட்டுக் கேட்டு, ராத்திரியில ஒக்காந்து அழுதிருக்கேன். அத்தனையும் வீணா?" என்று கேட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் நேராக மைக்கிடம் போய், இனிமேல் அந்தக் கதையைச் சொல்லக்கூடாது என்றாள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், என்னை விட்டுவிட்டுப் போனவர், அவ்வளவுதான் என் கதை என்றாள். போகட்டும் என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இனி யாருக்கும் எதையும் நடிக்கவேண்டியதில்லை என்று அவள் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருந்தது.

மைக்கு தலையாட்டினான், சொல்வதை நிறுத்தினான். நிறுத்தி என்ன பயன்? கல்லைப் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸிலேயே கதை கேட்டுவிட்டு வந்தார்கள். வந்தவர்களிடம் அவளே சொன்னாள், அவர் சாகவில்லை, இங்கேயே வந்தார், நானே பார்த்தேன் என்று. அவர்கள் முகத்தில் பரிதாபம் இரண்டு மடங்காயிற்று. அத்தாட்சிக்கு அந்தப் படத்தைக் கேமராவில் எடுத்துக் காட்டினாள். யாரோ ஒரு குடும்பம், யாரோ ஒரு பருத்த மனிதர், மனைவி, குழந்தை. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். தங்கை, ஒரு டாக்டரைப் பார்க்கலாமா அக்கா என்று கேட்டாளாம். அதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை.

போன வாரம் மைக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டான். கதைக்கு இப்போது புது முடிவு. கணவர் இன்னும் உயிரோடு இருப்பதாகவே இந்த அம்மா நம்புகிறார், வருகிறவர்களில் யாரையாவது காட்டி இவர்தான் என்பார், தயவுசெய்து மறுத்துப் பேசாதீர்கள் என்கிறான். கூட்டம் அப்படியே உறைந்து நிற்கிறது. படத்துக்கு வரிசை முன்னைவிட நீளம்.

நேற்று என்னால் தாங்கமுடியவில்லை. ஒரு வயதான அம்மாள் குழியருகே குனிந்து, "கட்டாயம் உசுரோடதான் இருப்பாரும்மா, மனசத் தளரவிடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குழியக்கா நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் வரிசையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மாளிடம், இவள் சொல்வது உண்மை, அவர் பஸ் ஏறிப் போனதை என் கண்ணால் பார்த்தவன் நான், போன வருஷம் திரும்பி வந்தபோது சீட்டுக் கிழித்துக் கொடுத்தவனும் நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன்.

அந்த அம்மாள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். என் காதோரம் சாய்ந்து, "நல்ல மனசு ஒங்களுக்கு. இப்படியே சொல்லிக்கிட்டிருங்க, பாவம்" என்றாள்.

அது குழிக்குள்ளும் கேட்டிருக்கவேண்டும். குழியக்கா கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் எடது பக்கம் நகருங்கம்மா" என்றாள்.